நாற்காலிக்கு 5, சுவருக்கு 18!

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று எங்கள் ஏரியாவை நெடுக வகுந்துகொண்டு போகிற சாலைக்கு ஜி.எஸ்.டி. ரோடு என்று பெயர். 2017 ஜூலையில் அதே மூன்றெழுத்தில் வரி வந்தபோது, 'நாங்க அதுலயே குடியிருக்கோம்ல!' என்று சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம், தெரிந்த பெண் ஒருவர் டிசைன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மூங்கில், கரும்புச் சக்கைப் பலகை, உமிப் பலகை... இவைதான் அவர் சரக்கு. எஸ்டிமேட்டைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருத்தர் கேட்டாராம்: ''மூங்கிலுக்கு 5 பர்சென்ட்தானேம்மா... எதுக்கு 18 போட்டிருக்கீங்க? ஏமாத்தறீங்களா?''

அவர் ஏமாற்றவில்லை. சட்டம் அப்படி!

2025 செப்டம்பர் 22 முதல் மூங்கில் நாற்காலி, மூங்கில் தரைப்பலகை, சக்கைப் பலகை, உமிப் பலகை எல்லாவற்றுக்கும் வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. நல்ல காரியம். ஆனால், அதே மூங்கிலை அளந்து, அறுத்து, உங்கள் வீட்டுச் சுவரில் பொருத்திக் கொடுத்தால் அது 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்'. பொருள், கூலி இரண்டையும் சேர்த்து முழுத் தொகைக்கும் 18. பிளாஸ்டிக் பேனல் ஒட்டினாலும் அதே 18. அப்புறம் எவன் மூங்கிலைத் தேடுவான்?

நான் படித்தது பி.காம். கணக்கு போட்டே காட்டுகிறேன். ஒரு அறைக்கு ஒன்றரை லட்சம் செலவு. வரி 27,000 ரூபாய்.

இப்போது மொட்டை மாடிக்கு வாருங்கள். சோலார் அமைத்துக் கொடுக்கிறவருக்கும் இதே சிக்கல் இருந்தது. அரசாங்கம் 2019 ஜனவரியில் ஒரு வழி கண்டுபிடித்தது. பில் தொகையில் 70 சதவிகிதம் பொருள், 30 சதவிகிதம் சேவை. பொருளுக்குக் குறைந்த வரி, சேவைக்கு 18. அந்தக் கணக்கை நம் அறைக்குப் போட்டால், 5,250-ம் 8,100-ம் சேர்த்து 13,350. பாதிக்கும் கீழே!

மாடிக்கு ஒரு நியாயம், கூடத்துக்கு ஒரு நியாயமா?

'சின்ன ஸ்டுடியோவுக்குத்தான் 50 லட்சம் வரை 6 சதவிகிதத் திட்டம் இருக்கே' என்பார்கள். இருக்கிறது. பொருள் விலையும் அந்த 50 லட்சத்துக்குள் அடக்கம் சார். வீட்டுக்கு 5 லட்சம் என்றால் 11-வது வீட்டில் தாண்டிவிடும். அதற்காக வருஷத்துக்கு 10 வீட்டோடு கடையைச் சாத்திவிட்டு உட்கார வேண்டுமா?

'சலுகை கொடுத்தா ஆளாளுக்கு போர்டுல பச்சை இலை வரைஞ்சுடுவான்' என்று இன்னொரு வாதம். நிஜம். நம்மாட்கள் வரைவார்கள்! அதனால்தான் சொல்கிறேன், போர்டைப் பார்த்துச் சலுகை தராதீர்கள். ஸ்டுடியோவுக்கு வருமான வரி விலக்கு, பசுமை சர்ட்டிபிகேட்... எந்தக் கண்றாவியும் வேண்டாம். பில்லைப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஹெச்.எஸ்.என். எண் இருக்கிறது. மூங்கில் வாங்கிய பில் இருந்தால் 70:30. இல்லையா, முழுசுக்கும் 18. அவ்வளவுதான்!

வேளச்சேரி போகிற வழியில் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய சதுப்பு நிலம். அதை ஒட்டியே பெருங்குடி குப்பை மேடு. பழசாகிக் கழற்றிப் போடுகிற பிளாஸ்டிக் எந்தத் திசைக்குப் போகும் என்று எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காருகிறவர், அடுத்த கூட்டத்தில் இந்தச் சுவருக்காகவும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அந்த வாடிக்கையாளர் என்ன ஆனார் என்கிறீர்களா? ''பில்லெல்லாம் வேணாம் சார், கையில கொடுத்துடுங்க'' என்ற வேறொருவரைப் பிடித்துவிட்டார். கூடம் முழுக்க பிளாஸ்டிக் பேனல்.

அரசாங்கத்துக்கு 18-ம் வரவில்லை, 5-ம் வரவில்லை!