கண்ணால் காண்பதும் பொய்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லாத கிழவன் கிழவி நம் கிராமங்களில் கிடையாது. ஆனால் அதே கிழவனும் கிழவியும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தவுடன், "நேரடியாகவே காட்டுகிறானே, இதில் என்ன பொய் இருக்கப்போகிறது?" என்று கேட்கிறார்கள். கிராமத்தார் மாத்திரமல்ல, படித்துப் பட்டம் பெற்ற பட்டணத்தாரும் இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே இந்த "நேரடி" என்னும் வார்த்தையின் யோக்கியதையைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் நம் சேலம் ஜில்லாவிலுள்ள ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். மலைவாழ் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி அது. அதன் சட்டசபை உறுப்பினர் 2013 இல் இறந்துபோனதால், அவ்வருஷம் டிசம்பர் 4 இல் இடைத்தேர்தல் நடந்தது. மந்திரிகள் மலையேறினார்கள்; எதிர்க்கட்சிக்காரர்களும் ஏறினார்கள்; அவர்கள் பின்னாலேயே கேமிராக்களும் ஏறின. டிசம்பர் 8 இல் வோட்டு எண்ணியபோது அ.தி.மு.க. வேட்பாளர் 78,116 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இந்தச் சங்கதி அன்றே நாடு முழுவதும் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்தத் தேர்தலில் வேறொரு சங்கதியும் உண்டு. நிற்கிற எவருக்கும் என் வோட்டு இல்லை என்று சொல்லும் "நோட்டா" பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக வைக்கப்பட்டது அந்த ஏற்காட்டுத் தேர்தலில்தான். அதை 4,431 பேர் அமுக்கினார்கள். ஏன் அமுக்கினார்கள்? ரோடு இல்லையென்றா? ஆஸ்பத்திரி இல்லையென்றா? எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்றா? அல்லது புதுப் பொத்தான் இன்னதென்று விளங்காமலா? இந்தக் கேள்வியை எந்த விவாத மேடையில் யார் கேட்டார்கள் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கிறதா?

ஜெயித்தவருக்கு மாலை போடுவதைக் காட்டக் கேமிரா ஒன்றே போதும். 4,431 பேர் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அறிவதற்கோ குக்கிராமங்களுக்கு நடந்துபோய்க் கேட்க வேண்டும். நடப்பதற்கு நேரம் பிடிக்கும். விளம்பரக்காரன் அதற்குப் பணம் தரமாட்டான். ஆகவே சம்பவத்தைக் காட்டுவதும், காரணத்தை விட்டுவிடுவதுமே இந்த வியாபாரத்தின் வழக்கமாகிவிட்டது.

இது நம் ஊர்க் குறை மாத்திரமல்ல. 2003 ஏப்ரல் 9 இல் ஈராக் தலைநகரான பாக்தாதில் சதாம் உசேனுடைய சிலை கீழே தள்ளப்பட்டதை உலகமெங்கும் நேரடியாகக் காட்டினார்கள். பார்த்தவர்கள், ஊரே திரண்டு வந்து சிலையைச் சாய்த்தது என்று நினைத்தார்கள். சிலையை இழுத்துச் சாய்த்தது அமெரிக்க ராணுவத்தின் வண்டி. கிட்டப்போய்ப் பிடித்த படத்தில் பெருங்கூட்டம். தூரத்திலிருந்து பிடித்த படத்தில் அந்தச் சதுக்கத்தில் பெரும்பகுதி காலி. இரண்டு படத்திலும் பொய் இல்லை. ஆனால் முதல் படத்தை மாத்திரம் திரும்பத் திரும்பக் காட்டியதால் ஏற்பட்ட எண்ணம் பொய்யா, அல்லவா?

நம் நாட்டுக்கே திரும்புவோம். 2019 அக்டோபர் 25 இல் மணப்பாறை பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது. 29 ஆம் தேதி அதிகாலை பிணமாகத்தான் எடுத்தார்கள். அவ்வளவு நாளும் இரவு பகலாக அந்தக் குழியையே காட்டினார்கள். நாடே அழுதது, பிரார்த்தனை செய்யுங்கள் என்ற பேச்சே எங்கும் கேட்டது. கைவிட்ட கிணறுகளை மூட வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2010 லேயே உத்தரவு போட்டிருந்தது. ஒன்பது வருஷமாக அதை நிறைவேற்றாதவர் யார் என்று கேட்க, அழுவதற்குச் செலவழித்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்காவது செலவழித்தோமா? பிரார்த்தனை ஒரு கிணற்றையும் மூடாது. ஒரு மூடிதான் மூடும்.

இனி மூடநம்பிக்கையின் சங்கதி. 1995 செப்டம்பர் 21 இல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புரளி டில்லியில் கிளம்பி, தொலைபேசியாலும் தொலைக்காட்சியாலும் ஒரே நாளில் லண்டன் வரைக்கும் போய்விட்டது. கரண்டியில் பால் குறைவதை எல்லோரும் கண்ணாரக் கண்டார்கள். விஞ்ஞானிகள் சாயம் கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பால் வயிற்றுக்குள் போகவில்லை. பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பட்டுச் சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே போயிற்று. கண்டது மெய், கருதியது பொய்.

மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாதென்று 1994 ஆம் வருஷத்துக் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் காலையில் பெட்டியைத் திறந்தால் ராசிபலன்தானே வருகிறது! சட்டம் எழுதியவனுக்கும் வெட்கமில்லை, மீறுகிறவனுக்கும் பயமில்லை என்றால், பார்க்கிறவனுக்காவது புத்தி வேண்டாமா?

தொலைக்காட்சியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சந்திரனைப் பாம்பு விழுங்குகிறது என்று சொல்லிவந்த நாட்டில், 2023 ஆகஸ்ட் 23 இல் நம்முடைய சந்திரயான் அந்தச் சந்திரனில் இறங்கியதைக் குழந்தைகள் நேரடியாகப் பார்த்தார்கள். ஆயிரம் பிரசங்கம் செய்ய முடியாத காரியத்தை அது செய்தது. கருவி நல்லதுதான். அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள், எதற்காகத் திருப்புகிறார்கள் என்பதே கேள்வி. வானலை பொதுமக்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்து நம்முடையதானால், கணக்குக் கேட்கும் உரிமையும் நம்முடையதே.

ஆகவே தோழர்களே! இனி "நேரடி" என்று திரையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கேமிரா எங்கே நிற்கிறது? அதன் முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது? இதனால் பணமோ பதவியோ அடைகிறவன் யார்? வீட்டில் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள், பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறவர்கள், பெட்டியில் பார்த்த மலர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒரு மலைக்கிராமத்துக்கு நடந்துபோய் அங்கிருப்பவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். தீர விசாரிப்பதென்பது அதுதான்.