கூட்டம் போகாத இடம்தான் அசல் ஊரா?

வெளிநாட்டுப் பயணம் கிளம்புகிற எவருக்கும் இன்று தப்பாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. சுற்றுலாக் கூட்டம் போகும் இடத்துக்குப் போகாதே. ஊர்க்காரர் சாப்பிடும் கடையில் சாப்பிடு, ஊர்க்காரர் குடியிருக்கும் தெருவில் தங்கு, அவர்களுக்கு மட்டுமே தெரிந்த மூலைமுடுக்கைத் தேடிப் போ, அங்கேதான் அசல் ஊர் இருக்கிறது. யூடியூபில் பயணக் காணொலி போடுகிறவர் முதல் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். கேட்பதற்குப் பண்பான அறிவுரையாகத்தான் தெரிகிறது. ஆனால் தகவல் என்ற அளவில் இது தவறு. நடைமுறையில், எந்த ஊர்க்காரரை மதிப்பதாகச் சொல்கிறதோ அவருக்கே கேடு. இரண்டுக்கும் பார்சிலோனாவைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அந்த நகரத்தில் கார்மெல் என்று ஒரு மேட்டுக் குடியிருப்பு. வேலை தேடி ஸ்பெயினின் பல பகுதிகளிலிருந்தும் வந்த உழைப்பாளிக் குடும்பங்களால் நிறைந்த பகுதி. அதை ஒட்டிய குன்றின் உச்சியில், 262 மீட்டர் உயரத்தில், ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களைச் சுட வட்ட வட்டமாகப் பீரங்கி மேடைகள் கட்டினார்கள். போர் முடிந்த பிறகு, வீடு கிடைக்காத ஏழைகள் அந்த கான்கிரீட் சுவர்களை ஒட்டியே குடிசை போட்டார்கள். 1990 வரை அங்கே குடிசைப் பகுதி இருந்தது. 2011இல் அந்த இடத்தைச் சீரமைத்து, நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் விட்டார்கள். போரையும் வறுமையையும் நினைவுகூர வேண்டிய இடம் அது. ஆனால் இணையத்தில் அது ‘யாருக்கும் தெரியாத காட்சிமுனை’ ஆனது. கட்டணம் கிடையாது, காவல் கிடையாது, நகரமும் கடலும் ஒரே பார்வையில் விரியும். ஒவ்வொரு மாலையும் பீர் டின்னும் ஒலிபெருக்கியுமாகக் கூட்டம் குன்றேறியது. கீழே மறுநாள் அதிகாலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். பொறுத்துப் பார்த்த மாநகராட்சி 2023இல் வேலி அடித்து, மாலையானதும் பூட்டத் தொடங்கியது. அந்தி சாயும் நேரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போய்வரும் கார்மெல் முதியவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பூட்டு.

116ஆம் எண் பேருந்தின் கதை இன்னும் வேதனை. கட்டடக் கலைஞர் கௌதி வடிவமைத்த பார்க் குவெல் பூங்காவைச் சுற்றியுள்ள செங்குத்தான தெருக்களில் ஓடும் சின்னப் பேருந்து அது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வர வயதானவர்களுக்கு அதை விட்டால் கதியில்லை. பூங்காவுக்குப் போக எளிய வழி என்று பயணிகள் அதில் ஏற ஆரம்பித்ததும், கைத்தடியோடும் காய்கறிப் பையோடும் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு ஏற இடமில்லாமல் போனது. 2024இல் மாநகராட்சி ஒரு முடிவெடுத்தது: கூகுள் வரைபடத்திலிருந்து அந்தத் தடத்தையே எடுக்கச் செய்தது. ஒரு நகரம் தன் பேருந்தை உலகத்தின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்க வேண்டிய நிலை வந்தது. அதன் பிறகுதான் அந்தக் கிழவர்களுக்கு இருக்கை கிடைத்தது.

தங்குவதில்தான் இந்த நம்பிக்கையின் முழு விலை தெரிகிறது. ஒரு நகரத்துக்குச் சுற்றிப்பார்க்கப் போக வேண்டாம், அங்கே வாழுங்கள் என்ற பொருளில் 2016இல் விடுமுறை வாடகைத் தளமான ஏர்பிஎன்பி ஒரு விளம்பர இயக்கம் நடத்தியது. அழகான அழைப்புதான். ஆனால் வாழ்வதற்கு வீடு வேண்டும், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்துகொண்டிருப்பார். கடலோரத்து பார்சிலோனெத்தாவைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் உருவான மீனவர், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு. பல வீடுகள் 30, 35 சதுர மீட்டருக்கு மேல் இருக்காது. சுவருக்கு அந்தப்பக்கம் இருமினால் இந்தப்பக்கம் கேட்கும். அப்படிப்பட்ட மாடிவீடுகள் ஒவ்வொன்றாக விடுமுறை வாடகைக்குப் போனபோது, 2014 ஆகஸ்ட் மாதம் அப்பகுதி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்தாண்டு கழித்து 2024 ஜூனில், நகர மேயர் ஜௌமே கொல்போனி ஒரு கணக்கைச் சொன்னார்: பத்து ஆண்டுகளில் வாடகை 68 சதவீதம் ஏறியிருக்கிறது. உரிமம் பெற்ற சுற்றுலா வீடுகள் 10,101. அத்தனை உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். வாடகை ஏறியதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஊர்க்காரரைப் போல் தங்குகிறேன் என்று ஒருவர் எடுக்கும் அறை, ஓர் ஊர்க்காரர் குடியிருக்க வேண்டிய அறை. இதை எந்தப் பயண வழிகாட்டியும் எழுதுவதில்லை.

சரி, கேடு இருக்கட்டும். அசல் ஊராவது கிடைக்கிறதா? பார்சிலோனாவில் அசல் ஊர்ச் சாப்பாடு எது என்று கேட்டால் எவரும் மெனு டெல் டியா என்பார்கள். வேலை நாள் மதியத்தில் முதல் பதார்த்தம், இரண்டாம் பதார்த்தம், ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை. மேஸ்திரியும் வங்கி எழுத்தரும் அருகருகே உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. இது எங்கிருந்து வந்தது? 1960களின் நடுவில், சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் சுற்றுலா அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகா, வெளிநாட்டுப் பயணிகளுக்கு மலிவாகச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று உணவகங்களுக்கு விதித்த கட்டாயத் திட்டம் அது. அப்போது அதன் பெயரே சுற்றுலா மெனு. பயணிக்காகப் போட்ட பந்தியில் ஊர்க்காரர் உட்கார்ந்து, அதைத் தன் சாப்பாடாக்கிக்கொண்டார்.

பழமைக்குப் பேர்போன கோத்திக் வட்டாரமும் அப்படித்தான். எல்லோரும் அண்ணாந்து படமெடுக்கும், தெருவுக்குக் குறுக்கே நிற்கும் கல்பாலம் கட்டப்பட்டது 1928இல். அங்குள்ள பேராலயத்தின் முகப்பு முழுமையடைந்தது 1913இல். பார்சிலோனாவில் நடந்த 1929 உலகக் கண்காட்சியை ஒட்டிய ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் ‘பழமை’ நிறையவே புதிதாகக் கட்டப்பட்டது. அதற்காக அது பொய் ஆகிவிடாது. நூறாண்டாக அதன் நிழலில் ஊர் நடமாடிக்கொண்டிருக்கிறது. ஊர் ஒருபுறம், வந்தவர் ஒருபுறம் என்று கோடு கிழிக்க முடியாத நகரம் இது. அமெரிக்கச் சமூகவியலாளர் டீன் மெக்கானல் 1970களிலேயே இதை எழுதினார்: பயணி மேடையின் பின்புறத்தைத் தேடிப் போகப் போக, அந்தப் பின்புறமும் அவருக்காக ஒப்பனை போட்ட இன்னொரு மேடையாகிவிடுகிறது.

கூட்டம் எதையும் கெடுப்பதில்லை என்று வாதிடவில்லை. லா ரம்ப்லா சாலையின் பொக்கேரியா சந்தை கண்ணெதிரே மாறிப்போனது. மீனும் கீரையும் இருந்த கடைகளில் வெட்டிய பழக் கோப்பைகளும் கூம்பில் சுற்றிய பன்றியிறைச்சியும் வந்தன. 2015இல் 15 பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கு வெள்ளி, சனி காலைகளில் தடை விதிக்க வேண்டியிருந்தது. இதைக் காட்டி, ஆகவே கூட்டம் நகரம் முழுக்கப் பரவினால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் புகழ்பெற்ற இடத்தில் கழிப்பறை உண்டு, காவலர் உண்டு, நேரம் குறித்த நுழைவுச்சீட்டு உண்டு, மெட்ரோ உண்டு. குடியிருப்புத் தெருவில் இவை எதுவும் கிடையாது. கௌதியின் சக்ரதா ஃபமிலியா தேவாலயம் ஆயிரக்கணக்கானவர்களைத் தினமும் தாங்கும். கார்மெலின் படிக்கட்டு தாங்காது.

அதனால் பார்சிலோனா போகிறவர் புகழ்பெற்ற இடங்களுக்குக் கூச்சப்படாமல் போகலாம். சக்ரதா ஃபமிலியா 1882இல் தொடங்கிய கட்டுமானம். இன்று அது எழுவதே பெருமளவு பார்வையாளர் கட்டணத்தில்தான். கிராசியா வட்டாரத்தில் ஆகஸ்ட் திருவிழாவுக்காக மாதக்கணக்கில் பழைய பாட்டிலும் அட்டையும் சேர்த்துத் தெருவை அலங்கரிக்கும் அக்கம்பக்கத்தார், எல்லோரும் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். பார்சிலோனெத்தாவில் 1944இல் தொடங்கிய லா கோவா ஃபுமாதா, பெயர்ப்பலகை இல்லாமலேயே பேர் வாங்கிய கடை. நம் போண்டாவுக்கு உறவுமுறை சொல்லக்கூடிய ‘பொம்பா’ என்ற காரமான உருளைக்கிழங்கு உருண்டை பிறந்த இடம் அது. பயணிகள் மொய்த்த பிறகும் அக்கம்பக்கத்தார் அதைக் கைவிடவில்லை.

தங்குவதற்கு எய்ஷாம்ப்ல வட்டாரத்தின் அகலமான சாலைகளில் ஓட்டல்களும் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளும் உண்டு. அந்த அறைகள் வந்து போகிறவர்களுக்காகவே இருப்பவை. அதற்காக யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு அதே தெருக்களில் வாசலில் கரும்பலகை வைத்திருக்கும் எந்தச் சின்ன உணவகத்துக்கும் போகலாம். ஒரு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. இரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வரும், அவர்களுக்கு அந்த மேசை வேண்டும்.