தேனிக்கு ஒரு மேடை வேண்டும்... கட்டிடம் அப்புறம்!

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அரங்கேறியது. தேனி மாவட்டத்துக்கே பெருமை. பெருமைப்படுவதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் எழ வேண்டும். அடுத்த இளையராஜா இன்று கம்பத்திலோ கூடலூரிலோ சின்னமனூரிலோ இருந்தால், தான் புதிதாகச் செய்த ஒன்றை ஊருக்கு முன்னால் எந்த மேடையில் வைப்பார்?

பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். "இது கலை வளர்த்த மண்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். உண்மையில் இந்த மண் கலைஞர்களைப் பெற்றது, வளர்த்தது சென்னை. எல்லோரும் பஸ் ஏறிப் போன பிறகுதான் கலைஞர் ஆனார்கள்.

மேடையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா 8 நாள் நடக்கிறது. ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டுகிறார்கள். கரகாட்டம் உண்டு, நையாண்டி மேளம் உண்டு, விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் இறந்தது 1922-ல். நூறு ஆண்டு தாண்டியும் அவர் எழுதிய நாடகத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து தேதி வாங்குகிறார்கள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் திருவிழா மேடைக்கு ஒரு குணம் உண்டு. போன வருஷம் நடந்ததுதான் இந்த வருஷமும் நடக்க வேண்டும். சாமி காரியம், அதில் பரிசோதனைக்கு இடமில்லை. கமிட்டிக்காரர்களும் கூட்டம் கலையாமல் இருக்க என்ன வேண்டுமோ அதைத்தான் கேட்பார்கள். கரகாட்டத்தில் சினிமாப் பாட்டும் இரட்டை அர்த்தப் பேச்சும் நுழைந்தது அப்படித்தான். கேட்டது கிடைக்கிறது. வேறு எதையும் யாரும் கேட்கவில்லை!

அப்படியானால் பிரச்சினை கலைஞர்களிடம் இல்லை. எந்த நாளில், யாரை, என்ன செய்யச் சொல்லி மேடை ஏற்றுவது என்று முடிவு செய்கிறவரிடம் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் என்ற அந்த ஒரு தாளுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்குச் சென்னை மியூசிக் அகாடமியே சாட்சி.

1928-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 1931-ல் 'கல்யாணி மகள்கள்' என்று அழைக்கப்பட்ட ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரின் சதிராட்டத்தை ஏற்பாடு செய்தது. சதிர் ஆடுவதே இழிவு என்று பேசப்பட்ட காலம் அது. ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர் ஈ. கிருஷ்ண ஐயர் என்ற வழக்கறிஞர். முதல் முறை பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இடையில் பத்திரிகைகளில் முத்துலட்சுமி ரெட்டிக்கும் கிருஷ்ண ஐயருக்கும் காரசாரமான விவாதம் நடந்தது. அதே சகோதரிகள் 1933-ல் மறுபடி ஆடியபோது கூட்டம் திரண்டது. பரதநாட்டியம் இன்று நிற்கும் இடத்துக்கு அந்த முடிவும் ஒரு படி. பாலசரஸ்வதிக்கு அதே அகாடமி 1973-ல் சங்கீத கலாநிதி கொடுத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவர்தான்.

அகாடமி மேல் விமர்சனங்களும் உண்டு. அந்த மேடை யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பது இன்று வரை முடியாத விவாதம். 2024-ல் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தபோது கிளம்பிய சண்டையே போதும். ஆனால் ஒரு பாராட்டும் இருக்கிறது. அந்த மேடையில் ஏற முடியவில்லை என்று சண்டை போடுகிற அளவுக்கு அதற்கு மதிப்பு இருக்கிறது. தேனியில் சண்டை போடக்கூட ஒரு மேடை இல்லை.

கிராமியக் கலைக்கென்று வந்தது சென்னை சங்கமம். 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023-ல் மீண்டும் வந்தது. பறையும் தேவராட்டமும் சென்னைப் பூங்காக்களுக்குள் போனது நல்ல காரியம். ஆனால் பொங்கல் முடிந்ததும் கலைஞர் ஊருக்குத் திரும்பி விடுகிறார். அங்கே பழைய கமிட்டி, பழைய பேரம்.

சிங்கப்பூரில் டுரியான் பழம் போன்ற கூரையோடு எஸ்பிளனேட் என்று ஓர் அரங்கம் இருக்கிறது. 2002 அக்டோபரில் திறந்தார்கள். இசை அரங்கில் சுமார் 1,600 பேர், நாடக அரங்கில் சுமார் 2,000 பேர் உட்காரலாம். பிரம்மாண்டம்தான். ஆனால் தேனி கவனிக்க வேண்டியது கூரையை அல்ல, அதன் காலண்டரை. சீனர்களுக்கு 'ஹுவாயி', மலாய்க்காரர்களுக்கு 'பெஸ்தா ராயா', இந்தியர்களுக்கு 'கலா உத்சவம்' என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் வருஷா வருஷம் ஒரு விழா. புது நாடகங்களுக்கென்று 'தி ஸ்டுடியோஸ்' என்று தனி வரிசை. நிகழ்ச்சிகளில் சுமார் 70 சதவீதம் இலவசம். அரசு மானியம், ஸ்பான்சர், அரங்க வாடகை, கட்டிடத்தில் உள்ள கடைகளின் வாடகை எல்லாம் சேர்ந்து அந்தச் செலவைத் தாங்குகின்றன. கடை வாடகை கலைக்குச் சோறு போடுகிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் புரியாத கணக்கு இல்லை இது.

"சிங்கப்பூரும் தேனியும் ஒன்றா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் ஒரு உத்தேசக் கணக்கு.

கல்யாண மண்டபங்கள் மார்கழியில் காலி, புரட்டாசியிலும் ஏறக்குறைய காலி. திருவிழா சீசன் முடிந்து நாட்டுப்புறக் கலைஞர்கள் புக்கிங் இல்லாமல் இருப்பதும் இதே மாதங்களில்தான். இடமும் ஆளும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் தேனி, கம்பம் வழியாகத்தான் குமுளிக்குப் போகிறார்கள். பார்வையாளர்கள் வாசல் வழியாகவே போகிறார்கள்!

300 பேர், தலைக்கு 50 ரூபாய் டிக்கெட் என்றால் 15,000 ரூபாய் வரும். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு 20,000, மண்டபம், மைக், லைட்டுக்கு 25,000 என்று வைத்தால் செலவு 45,000. துண்டு விழுவது 30,000. மாதம் ஒன்று வீதம் வருஷத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவிழாவுக்குத் தாராளமாக நன்கொடை எழுதுகிற வியாபாரிகள் உள்ள பள்ளத்தாக்குக்கு இது முடியாத தொகையா?

இதோடு வருஷத்துக்கு நான்கு புதுப் படைப்புகளுக்குத் தலா ஒரு லட்சம் முன்பணம் கொடுக்க வேண்டும். இதுதான் முக்கியம். புது வேலை தானாக வராது, யாராவது கேட்க வேண்டும். பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் குழு எஸ்டேட் தொழிலாளர்கள் மத்தியில் பாடியது. கட்சி புதுப் பாட்டு கேட்டது, அவர் போட்டார். அந்தக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் இளையராஜா. 'சமகாலக் கலை' என்று யாரும் பெயர் வைக்கவில்லை என்றாலும் அதுவேதான் அது.

இன்று கேட்பதற்கு விஷயமா இல்லை? விடியும் முன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதலாம். 1895-ல் முடிந்த பெரியாறு அணையையும் 2011-ல் எல்லையில் கொதித்த போராட்டத்தையும் சேர்த்து ஒரு கூத்து கட்டலாம். வைகை அணையில் மூழ்கிய ஊர்களைச் சொல்லும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. அதை அந்த மண்ணின் கலைஞர்களே கரகமும் உறுமியுமாக மேடையேற்றினால் எப்படி இருக்கும்?

முதல் நிகழ்ச்சிக்குக் கூட்டம் வராமல் போகலாம். 1931-ல் சென்னையிலும் வரவில்லை. சினிமாப் பாட்டு போடச் சொல்லி யாராவது கத்தலாம். இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும். கோடிக்கணக்கில் அரங்கம் கட்டிப் பூட்டி வைப்பதைவிட, வாடகை மண்டபத்தில் மாதம் ஒரு சாயங்காலம் தவறாமல் விளக்கு எரிவது மேல். கட்டிடம் கேட்டு மனு கொடுப்பதற்கு முன்னால், வருகிற மார்கழிக்கு ஒரு பக்க நிகழ்ச்சி நிரலை அச்சடிக்கட்டும் தேனி. அதில் ஒரு வரியாவது இதுவரை யாரும் பார்க்காத நிகழ்ச்சியாக இருக்கட்டும்.