யாரும் பார்க்காத டிவி: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் டிவி இரண்டு விதமாக ஓடுகிறது. ஒன்று, குழந்தைக்கென்றே போட்டுவிடுவது: சோறு ஊட்டும் நேரத்துக் கார்ட்டூன், அம்மா குளித்துவிட்டு வரும்வரை ஓடும் பாட்டு. மற்றது, காலையில் யாரோ போட்டு, இரவு படுக்கும்போது யாரோ அணைப்பது. குழந்தை டிவி பார்க்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதல் வகையைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. "அவன் எங்கே பார்க்கிறான், அது பாட்டுக்கு ஓடுது" என்பதோடு சரி. பெற்றோரும் பால்வாடி ஆசிரியைகளும் சேர்ந்த ஒரு குழு விடுக்கும் இவ்வேண்டுகோள் இரண்டுக்கும் பொதுவானது என்றாலும், அழுத்தம் இரண்டாவதன் மேல்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியபோது ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரமே. மற்ற நேரத்தில் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தார்கள். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அடுத்தடுத்து வந்த சேனல்களால் பகல் முழுவதும் நிரம்பியது. 2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு 14 அங்குல வண்ண டிவியை இலவசமாகவே வழங்கத் தொடங்க, ஒற்றை அறைக் குடித்தனத்துக்கும் பெட்டி போய்ச் சேர்ந்தது. அந்த ஒற்றை அறை இங்கே முக்கியம். சமையல், படுக்கை, பாட்டியின் கட்டில், டிவி எல்லாம் ஒரே இடம். குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோகச் சொல்லும் புத்தக அறிவுரை அந்த வீட்டில் எடுபடாது. அங்கே குழந்தையை நகர்த்த முடியாது. டிவியைத்தான் அணைக்க முடியும்.

கைக்குழந்தை திரையிலிருந்து எதையும் கற்பதில்லையா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று தெளிவான விடை தந்தது. 2003-இல் வெளியான அந்த ஆய்வில் ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க வாய்ப்பளித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீன மொழிக்காரர் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டிப் பேசினார். 12 அமர்வுகளில் அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. இன்னொரு குழு அதே பேச்சை டிவியில் பார்த்தது. அக்குழந்தைகளுக்கு எதுவும் வரவில்லை. சீனமே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் இருந்தன. பேசுபவர் தன்னைப் பார்த்துப் பேசுகிறார், தான் "ஆ" என்றால் அவரும் "ஆ" என்கிறார் என்ற கொடுக்கல் வாங்கலில்தான் மொழி ஏறுகிறது. டிவியில் வரும் அக்கா எவ்வளவு அழகாகப் பாடினாலும், குழந்தை சிரித்தது அவருக்குத் தெரியாது. "ரைம்ஸ் பார்த்தே ஏ பி சி டி சொல்றான்" என்று பெருமைப்படும் வீடுகளில், அந்தப் பிள்ளை "தண்ணி வேணும்" என்று கேட்கிறதா என்பதையும் கவனித்தால் நல்லது.

இனி, அது பாட்டுக்கு ஓடும் டிவி. ஒரு வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப் பார்க்கிறது. மூன்றாவது டம்ளரைக் கையில் எடுக்கும்போது சீரியலில் யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வர, பின்னணி இசை அதிர்கிறது. குழந்தையின் தலை திரும்புகிறது. இரண்டு மூன்று நொடி, புரியாத முகங்கள், மறுபடி தரையைப் பார்க்கிறது. டம்ளரை எதற்கு எடுத்தோம் என்பது போய்விட்டது. அதைப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுக்கிறது. வீட்டில் கேட்டால், குழந்தை டிவி பார்க்கவேயில்லை என்பார்கள். அது உண்மையும்கூட. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 1, 2, 3 வயதுக் குழந்தைகளை ஒரு மணி நேரம் விளையாட விட்டு, அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டார்கள். குழந்தைகள் நிமிடத்துக்கு ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் சில நொடிதான். ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டானது. ஒரே பொருளோடு தொடர்ந்து ஈடுபட்டிருக்கும் நேரம் குறைந்தது.

பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கும் அதே கதிதான். "டம்ளரா? பெரிய டம்ளரா? அடடா, விழுந்துடுச்சா!" என்று சொல்லியிருக்க வேண்டிய வாய், சீரியல் மாமியாரைத் திட்டிக்கொண்டிருக்கிறது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 2 மாதம் முதல் 4 வயது வரையிலான 329 குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி பொருத்தினார்கள். வீட்டில் டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை காதில் விழுந்த பெரியவர்களின் சொற்கள் ஏறக்குறைய 770 குறைந்தன. குழந்தையின் மழலையும் குறைந்தது. அமெரிக்கக் கணக்கு தமிழ்நாட்டு வீட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. இங்கே தாத்தா, பாட்டி, அத்தை என்று பேச ஆட்கள் கூடுதல். அந்த ஆட்களும் சேர்ந்தே அந்த சீரியலைப் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

சாப்பாட்டு நேரத்தைத் தனியே சொல்ல வேண்டும். நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டுவதும் கவனத்தைத் திருப்புவதுதானே என்று கேட்கலாம். திருப்புவதுதான், ஆனால் அதில் பேச்சு இருக்கிறது: "காக்கா பறந்து போச்சு பாரு, ஆ காட்டு." டிவி முன்னால் ஊட்டும்போது வாய் தானாகத் திறக்கிறது, விளம்பரம் வந்ததும் மூடிக்கொள்கிறது, கன்னத்தில் ஒதுக்கிய சோறு அப்படியே நிற்கிறது. வயிறு நிறைந்ததா, சோறு உறைப்பா இனிப்பா என்பது குழந்தைக்குத் தெரியாமலே தட்டு காலியாகிவிடும். பழகிய குழந்தைக்குத் திடீரென்று நிறுத்தினால் சில நாள் அழுகையும் பாதிச் சோறும் மிஞ்சும்தான். பசித்த குழந்தை அடுத்த வேளை சாப்பிடும். எடை சரியாக ஏறாத குழந்தையாக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த அளவு எளிது. 2 வயது நிறையும்வரை திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ காலை மட்டும் விலக்குகிறது. துபாயிலிருந்து இரவில் அழைக்கும் அப்பா பதில் பேசுகிறார், அதனால் அவர் டிவி ஆகமாட்டார். பிரான்ஸ் 2008-லேயே தன் சேனல்கள் 3 வயதுக்கு உட்பட்டோருக்கென்று நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்பக் கூடாது என்று தடுத்தது.

பயமுறுத்தலும் ஒன்று ஊரில் உலவுகிறது: டிவி பார்த்தால் ஆட்டிசம் வரும் என்பது. அப்படி நிறுவப்படவில்லை. அந்தப் பேச்சு ஏற்கெனவே நொந்திருக்கும் தாயின் தலையில் பழியை ஏற்றுவதோடு, சிகிச்சையையும் தாமதப்படுத்துகிறது. 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு டிவியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது போதாது. "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்ற சமாதானமும் உதவாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கான தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் உள்ளன. அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால் வழிகாட்டுவார்கள்.

மூன்று வயதைத் தாண்டிய குழந்தையின் கதை வேறு. நிதானமாகச் செல்லும், அதன் வயதுக்கென்று செய்த நிகழ்ச்சியை ஒரு பெரியவர் கூட உட்கார்ந்து "அந்த யானை ஏன் அழுதது?" என்று கேட்டபடி பார்த்தால் பயனுண்டு. பள்ளி வயதில் டிவி பாடமும் நடத்தும். 2019-இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி மறு ஆண்டே ஊரடங்கில் அதைச் செய்து காட்டியது.

ஆகவே கேட்கப்படுவது இவ்வளவே. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், யாரும் உட்கார்ந்து பார்க்காத டிவியை அணைத்துவிட வேண்டும். பாட்டியின் சீரியலைப் பறிக்க வேண்டியதில்லை. குழந்தை பகலில் தூங்கும் நேரத்திலோ இரவிலோ வரும் மறு ஒளிபரப்பு போதும். அம்மா சமைக்கவும் குளிக்கவும் வேண்டும் என்பதால்தான் பாதி வீடுகளில் டிவி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறது. அந்த அரை மணி நேரத்தை அப்பாவோ தாத்தாவோ ஏற்காமல், டிவியை மட்டும் நிறுத்தச் சொல்வது நியாயமாகாது. ஒருவரும் இல்லாத வீட்டில் இரண்டு கிண்ணமும் ஒரு கரண்டியும் அடுப்படிக்கு வெளியே, அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் கிடந்தால் கொஞ்ச நேரம் ஓடும். பெட்டியே ஒரு ஆபத்து என்பதையும் மறக்கக் கூடாது: ஆடும் மேசை மேல் வைத்த டிவியைப் பிடித்து இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு, அதைச் சுவரோடு பிணைத்து வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கோரிக்கை உண்டு. குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கும் டிவியில் பெரும்பாலும் கார்ட்டூனோ செய்தியோ ஓடுகிறது. திரை வேண்டாம் என்று சீட்டில் எழுதித் தரும் மருத்துவரின் வாசலிலேயே ஒரு மணி நேரம் திரை. அந்த டிவியை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு பாயும் கிழிந்தாலும் பரவாயில்லை என்னும்படியான பத்துப் படப்புத்தகங்களும் போட்டு வைக்குமாறு மருத்துவமனை நடத்துவோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.