தள்ளுவண்டிப் பணமும் ஹிட்லரும்

1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலரின் விலை 4.2 லட்சம் கோடி ஜெர்மன் மார்க். 1914இல் அதே டாலர் 4 மார்க் 20 பெனிக்குக்குக் கிடைத்தது. ஒரு நாட்டின் நாணயம் ஒன்பது ஆண்டுகளில் இப்படிக் கரைந்துபோனதை வைத்து உலகம் ஒரு கதை கட்டிவைத்திருக்கிறது. அரசு கண்மண் தெரியாமல் நோட்டு அடித்தது, விலைவாசி எகிறியது, நொந்துபோன மக்கள் ஹிட்லரிடம் நாட்டை ஒப்படைத்தார்கள் என்பது அந்தக் கதை. எந்த அரசாவது கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்தால் போதும், பட்ஜெட் விவாதத்தில் யாராவது ஒருவர் இதை எடுத்து விடுவார். தள்ளுவண்டியில் நோட்டுக்கட்டுகளை ஏற்றிச்செல்லும் ஆள், கட்டுகளை அடுக்கிக் கோபுரம் கட்டி விளையாடும் பிள்ளைகள், நோட்டைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் பெண் என்று அந்தக் காலப் படங்கள் கண்ணில் ஒட்டிக்கொண்டுவிட்டன. கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டெஃபான் ஸ்வைக் போன்ற பெரிய எழுத்தாளரே, ஜெர்மானியரை ஹிட்லருக்குப் பக்குவப்படுத்தியது பணவீக்கம்தான் என்று தமது நினைவு நூலில் எழுதிவிட்டார்.

கதையின் முதல் ஓட்டை நாட்காட்டியிலேயே இருக்கிறது. பணவீக்கம் உச்சத்தில் இருந்த அதே 1923 நவம்பரில், 8, 9 தேதிகளில், ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்க முயன்றார். மறுநாளே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் அந்த முயற்சி முடிந்துபோனது. அவர் சிறைக்குப் போனார். ஆறு மாதம் கழித்து 1924 மே மாதம் நடந்த தேர்தலில், தடைசெய்யப்பட்டிருந்த நாஜிகளும் அவர்களுடைய தீவிர தேசியவாதக் கூட்டாளிகளும் சேர்ந்து வாங்கிய வாக்கு 6.5 விழுக்காடு. சேமிப்பை இழந்தவர்களின் கோபம் ஆறாத நேரம் அது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தபோது அதுவும் 3 விழுக்காடாகச் சுருங்கியது. 1928 மே தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு, 12 இடங்கள். பணவீக்கம் விதைத்த விதை இது என்றால், ஐந்து ஆண்டுகளில் அது முளைவிடக்கூட இல்லை. 1930 செப்டம்பரில் அதே கட்சி 18.3 விழுக்காடு வாக்கும் 107 இடங்களும் பெற்றது. 1932 ஜூலையில் 37 விழுக்காட்டைத் தாண்டி 230 இடங்கள். ஆகவே விளக்கம் சொல்ல வேண்டியது 1928க்கும் 1932க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்குத்தான்.

பணவீக்கம் சின்ன விஷயம் என்று இதற்குப் பொருளில்லை. அதன் வேர் போரில் இருக்கிறது. ஜெர்மன் அரசு முதல் உலகப் போரின் செலவை வரி போட்டுச் சமாளிக்காமல் ஒன்பது முறை மக்களிடம் கடன் பத்திரம் விற்றுச் சமாளித்தது. தோற்றவர்களிடம் வசூலித்துத் திருப்பித் தந்துவிடலாம் என்பது எண்ணம். ஆனால் தோற்றது ஜெர்மனிதான். 1921இல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு விதிக்கப்பட்டது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் நிலக்கரிப் பகுதியில் நுழைந்தன. அதை எதிர்த்து அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. மார்க்கின் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

இதில் எல்லாரும் ஒரே மாதிரி நொந்துபோகவில்லை. இந்தக் கதை மறைக்கும் முக்கியமான சங்கதி இதுவே. ஏறத்தாழ 9,800 கோடி மார்க் போர்க்கடன் பத்திரங்களைத் தேசபக்தியோடு வாங்கிய பள்ளி ஆசிரியர், விதவை, ஓய்வூதியர் கையில், லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒரு புது மார்க் என்ற மாற்று விகிதத்தில், ஒட்டுமொத்தமாகவே பத்துப் பெனிக்கூட மிஞ்சவில்லை. கடன் கொடுத்தவர் கெட்டார். கடன் வாங்கியவர் பிழைத்தார். அடமானம் வைத்த விவசாயி, வங்கிக் கடனில் ஆலை கட்டிய முதலாளி, எல்லாரிலும் பெரிய கடனாளியான அரசு ஆகிய மூவரும் சுமையை உதறினார்கள். 1921இல் பிரிட்டனும் அமெரிக்காவும் மந்தத்தில் தவித்தபோது ஜெர்மன் ஆலைகள் ஓடின. 1922இல் தொழிற்சங்க உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வேலையில்லாமல் இருக்கவில்லை. 1923இன் கடைசி மாதங்களில்தான் தொழிலாளர் வாழ்க்கையும் சேர்ந்து நொறுங்கியது.

நாணயம் நிலைபெற்ற பின் இந்தக் கணக்கு ஓரளவு நேர்செய்யவும் பட்டது. அடமானக் கடன் அழிந்து ஆதாயம் அடைந்த வீட்டுச் சொந்தக்காரர்கள்மேல் 1924இல் ஒரு தனி வரி விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் நகராட்சிகள் வீடு கட்டின. பெர்லினில் புரூனோ டாவுட் வடிவமைத்த குதிரைலாடக் குடியிருப்பும், ஃபிராங்க்ஃபர்ட்டில் எர்ன்ஸ்ட் மாய் பொறுப்பில் எழுந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் அந்தக் காலத்தவை. 1927இல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு 1925 சட்டம் தந்த நியாயம் மிகச் சொற்பம்: அடமானத்துக்கு 25 விழுக்காடு, அரசுப் பத்திரத்துக்கு வெறும் 2.5. அவர்களின் கோபம் உண்மையானது. அந்தக் கோபத்துக்கென்றே ஒரு கட்சியும் இருந்தது. 1928 தேர்தலில் அதற்கு இரண்டு இடம் கிடைத்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பணவீக்கம் நடுத்தர வர்க்கத்தைத் தாராளவாதக் கட்சிகளிடமிருந்து பிய்த்தெடுத்தது, அப்படி அலைந்தவர்கள்தான் பின்னால் நாஜிகளிடம் போனார்கள் என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. 1928இல் தனித்தனிக் குழுக்களின் நலனுக்கான சிறு கட்சிகள் பெருகியதை அது விளக்குகிறது. ஆனால் தாராளவாதக் கட்சியான ஜெர்மன் ஜனநாயகக் கட்சி 1919இல் பெற்ற 18.5 விழுக்காடு, 1920 ஜூன் தேர்தலிலேயே 8.3 ஆகிவிட்டது. மிகைப் பணவீக்கத்துக்கு மூன்று ஆண்டு முன்பே, வெர்சாய் உடன்படிக்கையின் கசப்பிலும் புரட்சி பற்றிய பயத்திலும் அந்த வாக்காளர்கள் கைவிட்டுப் போயிருந்தார்கள்.

1929க்குப் பின் நடந்தது முற்றிலும் வேறு. அமெரிக்கக் குறுகியகாலக் கடன்களில் ஓடிய பொருளாதாரத்திலிருந்து அந்தப் பணம் வெளியேறத் தொடங்கியது. 1930 மார்ச்சில், வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 3.5இலிருந்து 4 விழுக்காடாக உயர்த்துவதா என்ற தகராறில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு நடந்த கடைசி அரசு அது. அடுத்து வந்த ஹைன்ரிக் பிரூனிங், அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவைப் பயன்படுத்தி, குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளால் ஆண்டார். அரசு ஊழியர் சம்பளம் மூன்று முறை வெட்டப்பட்டது. வரிகள் ஏறின; உதவித்தொகை சுருங்கியது. 1931 டிசம்பர் 8ஆம் தேதி ஆணை, கூலியை 1927 ஜனவரி மட்டத்துக்கு இறக்கச் சொன்னது. விலைகளையும் சட்டம் போட்டே குறைத்தது. அதற்கு முன் ஜூலையில் டானாட் வங்கி விழுந்து, நாட்டின் வங்கிகளே சில நாள் மூடிக்கிடந்தன. மக்கள் பிரூனிங்குக்கு வைத்த பெயர் ‘பட்டினிச் சான்சலர்’.

1929க்கும் 1932க்கும் இடையில் தொழில் உற்பத்தி ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. வாழ்க்கைச் செலவுக் குறியீடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. அதாவது, ஹிட்லர் வளர்ந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் பொருள்கள் மலிந்துகொண்டே போயின. வாங்கத்தான் கையில் காசில்லை. 1932 பிப்ரவரியில் பதிவுசெய்த வேலையற்றோர் மட்டும் 61 லட்சம். அவர்களில் காப்பீடு தீர்ந்தவர்கள் நகராட்சியின் தர்மத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நகராட்சிகளோ தாமே திவாலாகிக்கொண்டிருந்தன.

வேலையிழந்த தொழிலாளி அப்படியே நாஜியானார் என்பதும் தவறு. அவர் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார். அக்கட்சியின் வாக்கு 1928இல் 10.6 விழுக்காட்டிலிருந்து 1932 நவம்பரில் 16.9 ஆனது. நாஜிகளிடம் கூட்டம் சேர்ந்தது வேலை போய்விடுமோ என்று அஞ்சியவர்கள் மத்தியில்: சம்பளம் வெட்டுண்ட குமாஸ்தா, வியாபாரம் படுத்த கடைக்காரர், விளைபொருள் விலை விழுந்தும் கடன் தவணை குறையாத புராட்டஸ்டன்ட் விவசாயி. டென்மார்க் எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாணத்தில் நாஜி வாக்கு 1928இல் 4 விழுக்காடு. 1932 ஜூலையில் 51. பணவீக்கத்தில் அடமானக் கடன் கரைந்து லாபம் அடைந்த அதே விவசாயிகள்தான் இவர்கள். பின்னர் புதிதாக வாங்கிய கடனை விலைவீழ்ச்சி அவர்கள் கழுத்தில் கல்லாகக் கட்டியது. பிரூனிங்கின் சிக்கனம் எங்கே கடுமையாக விழுந்ததோ அங்கே நாஜி வாக்கும் கூடியிருந்ததை, 2021இல் பொருளாதார வரலாற்று இதழொன்றில் வெளியான ஆய்வு மாவட்டவாரியாகக் காட்டியிருக்கிறது.

1923க்கு இந்தக் கதையில் இடமே இல்லையா? உண்டு, ஆனால் வழக்கமாகச் சொல்லும் இடம் அல்ல. 1932 ஜனவரியில் வோய்ட்டின்ஸ்கி, டார்னோ, பாடே என்ற மூவர் தொழிற்சங்கங்களுக்காக ஒரு திட்டம் தயாரித்தார்கள். கடன் வாங்கி 200 கோடி மார்க் செலவில் பொதுப்பணிகள் தொடங்கி, பத்து லட்சம் பேருக்கு வேலை தருவது அதன் சாரம். பணவீக்கம் வந்துவிடும் என்று அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ருடால்ஃப் ஹில்ஃபர்டிங். 1923 பணவீக்கத்தின் நடுவே நிதியமைச்சராக இருந்து சூடுபட்டவர் அவர். அயல்நாட்டுக் கடன்காரர்களின் நெருக்கடியும், நோட்டுக்குத் தங்க ஈடு வைக்கச் சொன்ன சட்டமும் பிரூனிங்கின் கையைக் கட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அவிழ்க்கக்கூடிய கட்டையும் யாரும் அவிழ்க்கத் துணியவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியபோதும் ஜெர்மனி பழைய மதிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. விலைகள் சரிந்துகொண்டிருந்த நாட்டில் ஆள்பவர்கள் விலையேற்றத்துக்கு அஞ்சினார்கள். ‘வேலையும் ரொட்டியும்’ என்ற முழக்கத்தை அவர்கள் நாஜிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

மந்தமும்கூடத் தானாக ஹிட்லரை அரியணை ஏற்றிவிடவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி இருபது லட்சம் வாக்குகளையும் 34 இடங்களையும் இழந்தது. இறங்குமுகத்தில் இருந்தவரைச் சான்சலர் ஆக்க முன்னாள் சான்சலர் ஃபான் பாப்பன் பேரம் பேசி, தயங்கிய முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்க வைத்தார். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பதவியேற்றபோது ஒரு மார்க் நான்கு ஆண்டு முன்பைவிட அதிகமான பொருளை வாங்கியது. அன்று மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர் ஹான்ஸ் லூதர். 1923இல் பணவீக்கம் முடிவுக்கு வந்தபோது நிதியமைச்சராக இருந்தவரும் அவரே.