கணினி வந்துவிட்டது, தாள் எங்கே?

 

பாடசாலைக்குக் கணினி வேண்டும் என்றால் நம் ஊரில் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், பழைய மாணவர்கள், கடைக்காரர்கள், கேட்டால் யாரும் கையை மடக்குவதில்லை. ஆனால் அந்தக் கணினிக்குள் மென்பொருளை எப்படிப் போடுவது என்று ஒரு தாள் எழுதித் தர ஆளில்லை. தாள்தானே என்று நினைக்க வேண்டாம். தாள் இல்லாததால் உறை போட்டு மூடிக் கிடக்கும் கணினிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த தேயிலையை வைத்தே சொல்கிறோம். மலையில் பறித்த கொழுந்தை யாரும் அப்படியே கொழும்பு ஏலத்துக்கு அனுப்புவதில்லை. வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து, பையில் கட்டி, அதற்கு மேலே தோட்டத்தின் பெயர், தரம், நிறை எல்லாம் எழுதித்தான் லொறியில் ஏற்றுகிறார்கள். 1883 முதல் நடக்கும் அந்த ஏலத்தில் வாங்குபவர் மலை ஏறி வந்து பார்ப்பதில்லை. பையில் எழுதியிருப்பதையும் மாதிரியையும் நம்பித்தான் விலை சொல்கிறார்.

திறந்த மூல மென்பொருளும் இப்படித்தான். ஒருவர் எழுதும் மூல நிரல் கொழுந்து மாதிரி. அதைக் கணினியில் ஓடக்கூடியதாக மாற்றுவது பில்ட் சிஸ்டம், அதுதான் தொழிற்சாலை. 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' இதில் மூத்தது. இன்று சீமேக், பின்லாந்துக்காரர் ஜூஸி பாக்கனென் தொடங்கிய மீசன் என்று பல இருக்கின்றன. அங்கிருந்து வருவதைப் பொதியாகக் கட்டி நம் கைக்குத் தருபவர்கள் டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் தன்னார்வலர்கள். நிரல் எழுதியவர் ஒரு நாட்டில், பொதி கட்டுபவர் இன்னொரு நாட்டில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். இடையில் இருப்பது ஆவணம் மட்டும்தான்.

மீசனின் வழிகாட்டியில் பொதி கட்டுபவருக்கென்றே ஒரு சிறிய பகுதி இருக்கிறது. சில வரிகள்தான். அதில் 'டெஸ்ட்டிர்' என்று ஒன்று வரும். மென்பொருளை உண்மையான இடத்தில் போடாமல், முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறைக்குள் போட்டு, அங்கிருந்து பொதியாகக் கட்டு என்பது அதன் பொருள். மீசனில் 'நோ-டவுன்லோட்' என்று இன்னொன்றும் இருக்கிறது. தேவையானவற்றை இடையில் இணையத்திலிருந்து இழுக்காதே, கையில் இருப்பதை வைத்தே கட்டு என்று சொல்வது. டெபியனின் விதியும் அதுதான், பொதி கட்டும்போது இணையத்தைத் தொடக் கூடாது. மழை பெய்தால் சிக்னல் போகும் ஊரில் இருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை!

எங்கள் குறை இதுதான். இப்படியான பக்கங்களில் கட்டளை இருக்கும், அது ஏன் என்பது பெரும்பாலும் இருக்காது. எழுதியவருக்கு அது தெரிந்த விஷயம், எழுதத் தோன்றுவதில்லை. எந்த இடத்தில் விளங்கவில்லை என்று புதிதாகப் படிப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே ஆவணத்தைத் திருத்தத் தகுதியான ஆள் பெரிய நிபுணர்தான் என்று நாங்கள் ஏற்க மாட்டோம். மீசனின் ஆவணங்கள் அதன் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன. ஒரு வாக்கியத்தைத் திருத்தி அனுப்ப நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த நாட்டுக்காரர்களுக்கு இது எட்டாத வேலையும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய 'சஹானா' மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. கூகுளின் 'சமர் ஒப் கோட்' திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்கள் தெரிவானது நம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து. ஆனால் லுணுகலைக்கும் மொரட்டுவைக்கும் உள்ள தூரம் பஸ் டிக்கெட்டில் எழுதியிருக்கும் தூரம் மட்டுமல்ல. மடூல்சீமைப் பக்கத் தோட்டப் பிள்ளைக்கு அது இன்னும் கூட.

"சேர், இங்கிலீஷ் தெரியாமல் இதெல்லாம் சரிவருமா?" என்று கேட்பார்கள். இங்கிலீஷ் படிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் நம் பிள்ளை சாதாரண தரத்தில் பாஸ்கலையும் உயர்தரத்தில் பைதனையும் தமிழில்தான் படித்துப் பரீட்சை எழுதுகிறது. பரீட்சைக்குத் தமிழ் போதும், நிறுவுவதற்கு மட்டும் போதாதா? தமிழ்நாட்டில் 'கணியம்' 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது, நல்ல வேலை. ஆனால் அங்குள்ள சொற்கள் சில நம் பாடநூலில் இல்லை. நாம் 'செய்நிரல்' என்பதை அவர்கள் 'நிரல்' என்பார்கள். அங்கே எழுதியதை இங்கே அப்படியே ஒட்ட முடியாது, நம் பிள்ளைக்கு நாம்தான் எழுத வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? இந்தியாவின் டெபியன் தன்னார்வலர் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதிய 'ஆப்ட்-ஒஃப்லைன்' என்று ஒரு கருவி இருக்கிறது. இணையம் இல்லாத கணினி, தனக்கு என்னென்ன பொதிகள் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதித் தரும். அதை பென் ட்ரைவில் போட்டு இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்ப வந்து நிறுவலாம். பதுளைக்குப் போகிறவரிடம் மருந்துச் சிட்டை கொடுத்து விடுவது போலத்தான்.

இந்த முறையில் ஃப்ரீ பாஸ்கலை நிறுவுவதற்கு இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை எழுதப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏ/எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எங்களோடு சேர வேண்டும். எழுதிய தாளை பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கொடுப்போம், பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. பிள்ளை எந்த வரியில் நிற்கிறதோ அந்த வரியைத் திருத்துவோம். தோட்டப் பாடசாலைப் பிள்ளை, நம் பிள்ளை, சிங்களப் பாடசாலைப் பிள்ளை மூவரிடமும் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் எழுத உதவக்கூடிய ஆசிரியர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஆங்கில ஆவணத்திலேயே குறை தெரிந்தால் அதையும் திருத்தி உரியவர்களுக்கு அனுப்புவோம்.

கணினி நன்கொடை தருபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெட்டியோடு இந்தத் தாளின் பிரதியையும் வைத்துக் கொடுங்கள். ஃபோட்டோ கொப்பிச் செலவு பெரிதல்ல.

ஒரு பழைய கணினி, ஒரு பென் ட்ரைவ், வேகமான இணைப்புள்ள ஒரு வீடு, இந்த மூன்றும் இப்போது தேவை. தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.