பால் பல்லுக்கு எதற்கு வங்கி?

குழந்தைக்குப் பால் பல் ஆடத் தொடங்கியதும் பெற்றோரைத் தேடி வருகிறது ஒரு விளம்பரம். பல்லின் கூழில் இருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது குருத்தணுக்களை, உறையவைத்துச் சேமித்தால் பிற்காலத்தில் நீரிழிவு முதல் முதுகுத்தண்டுக் காயம் வரை குணப்படுத்தலாமாம். பெற்றோரின் அச்சத்தை முதலாக்கும் இந்த வணிகத்தை அரசு நிறுத்த வேண்டும்.

பல்கூழில் குருத்தணு இருப்பது உண்மை. அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் நிலைப் பற்களிலும் 2003-இல் பால் பற்களிலும் அதைக் கண்டார்கள். குழந்தைகளின் அடிபட்ட முன்பல்லில் பால் பல் குருத்தணுக்களை வைத்துக் கூழை மீண்டும் வளர்த்ததாக 2018-இல் சீனக் குழு ஒன்று அறிவித்தது. பல் மருத்துவத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால், இதைக் காட்டி நீரிழிவுக்கு வாக்குக் கொடுப்பது அறமல்ல.

குருத்தணு சிகிச்சை எப்படி உருவாகும் என்பதைத் தோல் ஆய்வில் பார்க்கலாம். 2015-இல் ஜெர்மனியின் போகும் (Bochum) நகர மருத்துவமனைக்கு 7 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். லேமினின் புரதத்துக்கான மரபணு ஒன்று பழுதானதால் மேல்தோல் அடித்தோலில் ஒட்டாமல் கொப்புளித்து உரியும் நோய் அவனுக்கு. 60 சதவீத மேல்தோல் போய்விட்டது. இத்தாலியின் மொடேனாவில் மிக்கேலே தெ லூக்கா குழுவினர், அவனிடமிருந்து எடுத்த 4 சதுர செ.மீ. தோலின் அணுக்களில் சரியான மரபணுவைச் செலுத்தி, தாள் தாளாக வளர்த்து அனுப்பினார்கள். உடலின் 80 சதவீதத்தை அந்தத் தோல் மூடியது. சிறுவன் பள்ளிக்குத் திரும்பினான். ஒட்டிய அணுக்களில் மிகச் சிறு பங்கான, நீண்டகாலம் வாழும் குருத்தணுக்கள்தாம் மேல்தோல் முழுவதையும் புதுப்பிக்கின்றன என்பதும் தெரியவந்தது.

ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனிதத் தோலணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது 1975-இல். அதற்கும் இந்தச் சிறுவனின் சிகிச்சைக்கும் இடையில் 40 ஆண்டுகள். தீக்காயத்துக்கும் கண்ணின் கருவிழிக்கும் நடந்த சிகிச்சைகள், எந்த அணு நிலைக்கும், எது சில மாதங்களில் தேய்ந்துபோகும் என்ற கணக்கு என அந்த ஆண்டுகள் கழிந்தன. பல் வங்கிகளின் விளம்பரத்தில் அப்படியொரு கணக்கும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை, தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெதையும் வங்கியில் சேமிக்க அனுமதிக்கவில்லை. ஆனால் வழிகாட்டு நெறிக்குச் சட்டத்தின் வலு கிடையாது. அந்த வலுவை அரசு தர வேண்டும். பெற்றோர் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் நிறுவனங்களுக்கு ஆணையிட வேண்டும்.